ஆழம் தெரியாமல் கேமராவை விடாதே

கடலுக்கடியில் வீடியோ எடுக்கும் ஆசை பெருகிவருகிறது. ஆனால் கடைக்காரர் புகழும் '4கே'யைவிட முக்கியமான கணக்குகளைத் தண்ணீர் போட்டு வைத்திருக்கிறது.

அந்தமானின் ஹேவ்லாக் (2018 டிசம்பரிலிருந்து ஸ்வராஜ் தீவு), லட்சத்தீவின் கட்மத், கர்நாடகத்தில் முருடேஸ்வரத்தை ஒட்டிய நேத்ராணி, புதுச்சேரி. முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்கும் இந்தியர்கள் இங்கெல்லாம் இப்போது சகஜமான காட்சி. பலர் கையில் கேமராவும் இருக்கிறது. கரையேறி, எடுத்ததை ஓடவிட்டுப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம். கண்ணால் பார்த்த பவளப்பாறை ஒன்று, திரையில் தெரிவது இன்னொன்று. மீன், பாறை, மணல், மனைவியின் முகம் என்று எல்லாமே சாம்பல் கலந்த நீலம்.

உடனே எழும் சந்தேகம், கேமராவின் துல்லியம் போதவில்லையோ என்பது. அடுத்த சம்பளத்தில் கூடுதல் பிக்சல் உள்ள மாடலை வாங்கிவிடத் தோன்றும். ஆனால் கோளாறு பெரும்பாலும் பிக்சலில் இல்லை.

சூரிய ஒளி கடலுக்குள் இறங்கும்போது முதலில் காணாமல் போவது சிவப்பு. ஐந்தாறு மீட்டருக்குள்ளேயே அதன் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். 20 மீட்டர் ஆழத்தில் கையைக் கீறிக்கொண்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். இழப்பு ஆழத்தோடு முடிவதில்லை. 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும் மீனை 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், ஒளி கடந்து வந்த தண்ணீர் 13 மீட்டர்.

இப்போது பிக்சல் கணக்கைப் பார்க்கலாம். ஃபுல் எச்டி படத்தில் சுமார் 21 லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. மீனுக்கும் கேமராவுக்கும் நடுவே கலங்கிய தண்ணீர் இருந்தால், நான்கு மடங்கு துல்லியமாகப் பதிவாவது அந்தக் கலங்கல்தான். 4கே வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பிறகு படத்தை வெட்டிச் சீர்செய்யவும், ஆட்டத்தைக் குறைக்கவும் அந்தக் கூடுதல் புள்ளிகள் கைகொடுக்கும். 4கேயைத் தாண்டி 8கேவுக்குச் செலவழிக்கும் முன் கவனிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன.

கடையில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: ஒயிட் பேலன்ஸை நாமே அளந்து வைக்க முடியுமா? இருக்கும் ஆழத்தில் ஒரு வெள்ளைப் பலகையைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்குச் சொல்லிவிட்டால், இழந்த நிறத்தில் கணிசமான பங்கு திரும்பிவிடும். சில மீட்டர் இறங்கினாலோ ஏறினாலோ மறுபடி அளக்க வேண்டும். ஆகவே கனத்த உறைக்கு வெளியிலிருந்து ஒரே பொத்தானில் இதைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். ஆக்‌ஷன் கேமராக்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது.

இரண்டாவது, 10-பிட் பதிவு உண்டா? 8-பிட் வீடியோவில் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 256 படிநிலைகள். 10-பிட்டில் 1,024. எடிட்டிங்கில் சிவப்பை இழுத்துக் கூட்டும்போது, 8-பிட் படத்தின் நீலப் பின்னணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும் வாய்ப்பு அதிகம்.

மூன்றாவது, எத்தனை மீட்டர் தாங்கும்? ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 'வாட்டர்ப்ரூஃப்' என்ற ஒரு வார்த்தையை நம்பி இறங்கக்கூடாது. 2024இல் வந்த கோப்ரோ ஹீரோ 13 பிளாக் உறையில்லாமல் 10 மீட்டர் வரை. அதே ஆண்டின் டிஜெஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 5 புரோ 20 மீட்டர் வரை. இரண்டுக்குமே தனி உறை போட்டால் 60 மீட்டர். டைவிங்கில் முதல்நிலைச் சான்றிதழ் பெற்றவருக்கே 18 மீட்டர் வரை அனுமதி உண்டு என்பதை நினைத்துப் பார்த்தால், உறை எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

மூன்று வழிகள்

புதிதாக டைவிங் கற்றவருக்கு ஆக்‌ஷன் கேமரா போதும். சிறியது, அகலமாகப் பார்க்கும், ஆட்டத்தைத் தானே அடக்கும். ஆனால் நுண்ணிய உயிர்களை நெருங்கி எடுப்பதில் சிரமப்படும். கடல் நத்தை, இறால் போன்ற சின்ன ஜீவன்களில் ஆர்வம் உள்ளவர்களுக்கு 2023இல் வந்த ஓஎம் சிஸ்டம் டிஜி-7 மாதிரியான கையடக்க கேமரா பொருத்தம். ஒரு சென்டிமீட்டர் தூரத்திலும் ஃபோகஸ் ஆகும். தனியாக 15 மீட்டர், உறையோடு 45 மீட்டர் தாங்கும்.

மூன்றாவது வழி, பெரிய சென்சார் கொண்ட மிரர்லெஸ் கேமரா. மங்கிய ஒளியில் இதன் தரமே தனி. விலையும் அப்படியே. உறையின் விலை பல நேரங்களில் கேமராவின் விலையைத் தாண்டும். ஓர் உறை பெரும்பாலும் ஒரு மாடலுக்குத்தான் பொருந்தும். கேமராவை மாற்றினால் உறையும் மாறவேண்டும். அகல லென்ஸ் என்றால் உறையின் முன்புறக் கண்ணாடி கவிழ்த்த கிண்ணம்போல் இருக்க வேண்டும். தட்டைக் கண்ணாடியில் ஒளி விலகி, லென்ஸின் பார்வைப் பரப்பில் சுமார் கால் பங்கு குறைந்துவிடும். நெருக்கக் காட்சிகளுக்குத் தட்டைக் கண்ணாடி போதும்.

கேமராவைவிட விளக்கு

கையில் உள்ள பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிடாமல், ஒரு பங்கை விளக்குக்கு ஒதுக்குவது புத்திசாலித்தனம். தொலைந்த சிவப்பைத் திரும்பக் கொண்டுவர அதைவிட நல்ல வழி இல்லை. அகலமாகப் பரவும் வீடியோ விளக்குகள் இரண்டை, கேமராவிலிருந்து விலக்கிப் பக்கவாட்டுக் கைகளில் பொருத்த வேண்டும். லென்ஸை ஒட்டி வைத்தால் மிதக்கும் தூசியெல்லாம் பனிப்பொழிவுபோல் மின்னும். விளக்கின் வீச்சு ஓரிரு மீட்டர்தான் என்பதால் நெருங்கிப் போக வேண்டும். விளக்கு வாங்க முடியாதவர்களுக்குச் சிவப்பு ஃபில்டர் உதவும். ஆனால் தெளிந்த நீரில், வெயில் நேரத்தில், சுமார் 5 முதல் 15 மீட்டர் வரைதான். விளக்கையும் ஃபில்டரையும் சேர்த்துப் பயன்படுத்தினால் படம் செக்கச் செவேலென்று கெட்டுவிடும்.

உறையைக் காப்பது ஒரு ரப்பர் வளையம். அதில் ஒட்டிய ஒற்றைத் தலைமுடியோ மணல்துகளோ போதும், கேமரா உப்புநீரில் ஊறிவிடும். புது உறையை முதல்முறை காலியாகவே இறக்கிப் பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கம். கரையேறியதும் மூடியபடியே நல்ல தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். தண்ணீருக்கடியில் கார்டை மாற்ற முடியாது. பேட்டரியையும்தான். விமானத்தில் போகும்போது உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

நிறம் ஏன் முக்கியம்

விடுமுறைப் படத்துக்கு இத்தனை மெனக்கெடலா என்று கேட்கலாம். கடல் சூடேறும்போது பவளங்கள் தம்முள் வாழும் பாசியை இழந்து வெளுக்கின்றன. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வை அமெரிக்காவின் கடல் ஆய்வு நிறுவனமான நோவா 2024 ஏப்ரலில் அறிவித்தது. அந்த ஆண்டு லட்சத்தீவின் பவளங்களும் வெளுத்தன. நோயின் அறிகுறியே நிறம் என்னும்போது, நிறம் தவறிய வீடியோ எத்தனை துல்லியமாக இருந்தாலும் சாட்சியாகாது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய கோரல்வாட்ச் திட்டம், பவளத்தின் பக்கத்தில் பிடித்து ஒப்பிட ஒரு நிற அட்டையையே உருவாக்கியது. சாதாரண டைவர்கள்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. மிதவையைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர் கையில் கேமரா வந்தால், கண் திரையில் இருக்கும், துடுப்பு பவளத்தை உடைக்கும். இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. எந்த கேமரா வாங்குவது என்று யோசிப்பவர்கள், கையைக் காலை ஆட்டாமல் ஒரே இடத்தில் மிதக்க முதலில் பழகிக்கொள்ளலாம். படம் ஆடாமல் இருக்கவும் அதுதான் வழி.