வாக்களிப்பு வீதமும் இளைஞர் அரசியலும்: இலங்கை அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

வாக்களித்தோர் தொகை மிகும்போது சனநாயகம் செழித்துள்ளதெனவும், அது குறையும்போது மக்கள், சிறப்பாக இளைஞர், அக்கறை இழந்துவிட்டனரெனவும் கொள்வது பொதுவழக்கு. தேர்தல்முறையை மாற்றின் அக்குறை நீங்கும் என்பாரும் உளர். இலங்கையின் அனுபவம் இவ்விரு கூற்றுகளையும் மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

விகிதாசாரப் பிரதிநிதித்துவம் வாக்களிப்பை உயர்த்தும் என்பது ஒப்பியல் ஆய்வாளர் பலரின் முடிபு. தொகுதிமுறையில் தோற்ற வேட்பாளருக்கு அளித்த வாக்கு வீணாகின்றது. விகிதாசாரத்தில் அது ஆசனமாக மாறக்கூடும் என்பதே அதன் தருக்கம். தொகுதிமுறையின் அநீதி நம் நாட்டில் வெளிப்படையானது. 1970 இல் ஏறத்தாழ 38 வீத வாக்குகளைப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஆசனங்களே. 49 வீதம் பெற்ற ஐக்கிய முன்னணிக்கோ 116. 1977 இல் சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஓர் ஆசனமேனும் பெறவில்லை.

எனினும் வாக்களிப்பு 1970 இல் 85 வீதமாகவும் 1977 இல் 87 வீதமாகவும் இருந்தது. விகிதாசார முறையில் நடைபெற்ற முதற் பொதுத்தேர்தலிலோ, 1989 இல், அது 64 வீதமாக வீழ்ந்தது. பின்னர் அதே முறையின் கீழ் 2010 இல் 61 வீதமும், 2015 இல் 78 வீதமும், 2024 இல் 69 வீதமும் பதிவாயின. முறை மாறாதிருக்க வீதம் இவ்வாறு ஏறியிறங்குமாயின், காரணத்தை முறைக்கு வெளியேயும் தேடவேண்டும்.

1989 இன் வீழ்ச்சிக்குக் காரணம் மறைபொருளன்று. தெற்கிலே மக்கள் விடுதலை முன்னணி கொலை அச்சுறுத்தலுடன் பகிஷ்கரிப்பை விதித்தது, அரச பயங்கரமும் கட்டவிழ்ந்திருந்தது, வடகிழக்கு போர்க்களமாயிருந்தது. இந்நிலைக்கு ஓர் அரசியல் முன்வரலாறு உண்டு. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பின் மூலம் பாராளுமன்றத்தின் ஆயுள் நீட்டப்பட்டது. 1977 யூலையில் பதினேழு வயதினனாயிருந்த ஒருவன் பொதுத்தேர்தலொன்றில் முதன்முதல் வாக்களிக்க இருபத்தெட்டு வயது கடந்தும் காத்திருக்க நேர்ந்தது. இடதுசாரிகள் பங்குகொண்ட ஐக்கிய முன்னணி அரசும் 1972 யாப்பின் வழியாகத் தன் ஆயுளை 1977 வரை நீட்டியமை மறைக்கத்தக்கதன்று.

உயர்ந்த வாக்களிப்பும் இளைஞரின் மனநிறைவுக்குச் சான்றாகாது. வாக்குரிமை வயது இங்கு 21 இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது 1959 இலாகும். பிரித்தானியா இதனைச் செய்தது 1969 இலேயே. 1970 இல் ஐக்கிய முன்னணியை ஆதரித்த கிராமப்புறப் படித்த இளைஞர் பலர், ஓராண்டு கழியுமுன், 1971 ஏப்ரலில் ஆயுதமேந்தினர். வாக்கு அவர்களிடம் இருந்தது, தொழில் இருக்கவில்லை.

மறுதலையாக, வாக்களியாமையும் அரசியற் செயலாகலாம். சர்வசன வாக்குரிமை முதன்முதல் நடைமுறைக்கு வந்த 1931 இல், டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் வழங்கவில்லையென யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்பை முன்னெடுத்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை. ஆயின் 1934 வரை அத்தொகுதிகள் பிரதிநிதியற்றிருந்தன. பகிஷ்கரிப்பின் விலையும் கணக்கிடப்பட வேண்டியதே.

புள்ளிவிபரத்தின் பகுதியெண்ணையும் ஐயத்துடன் நோக்கவேண்டும். 2010 பொதுத்தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் வாக்களிப்பு 23 வீதமே. இடம்பெயர்ந்தோரும் புலம்பெயர்ந்தோரும் இடாப்பிற் பெயராக எஞ்சியிருந்த நிலையில், இதனை அக்கறையின்மை என எளிதிற் கூறிவிடலாகாது. மேற்காசியாவில் உழைக்கும் இளம் தொழிலாளருக்கு 2024 தேர்தல்களிலும் அங்கிருந்து வாக்களிக்க வழியிருக்கவில்லை. கட்டுநாயக்க வர்த்தக வலயத்து யுவதி சொந்த ஊரிலே பதியப்பட்டிருப்பின், வாக்களிக்க விடுமுறையும் பயணச்செலவும் தேடவேண்டும்.

எனவே தேர்தல்முறை முக்கியமற்றதன்று. வாக்கு ஆசனமாக மாறும் நீதியை அது நிர்ணயிக்கின்றது; சிறு கட்சிகளுக்கும் சிறுபான்மையினருக்கும் இது உயிர்ப்பிரச்சினை. ஆயினும் இளைஞரை வாக்குச்சாவடிக்கு அழைத்துவருவன வேறு: தேர்தல் உரிய காலத்தில் நடைபெறும் என்ற உறுதி, அச்சமற்ற சூழல், தம் வாக்கினால் தொழில், நிலம், மொழி ஆகியவற்றில் மாற்றம் விளையும் என்ற நம்பிக்கை. இவற்றை ஒதுக்கிவிட்டு வீதங்களை மட்டும் எண்ணுவோர், 1970 இன் 85 வீதத்தைக் கண்டு 1971 ஐக் காணத் தவறியோரின் நிலையையே அடைவர்.