காமிராவின் இரண்டு எண்கள்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் பல இந்நாளில் தங்கள் சேலைகளைப் புகைப்படம் எடுத்து, வெளியூர் வாடிக்கையாளருக்குக் காட்டி விற்பனை செய்து வருகின்றன. துணியைத் தொட்டுப் பாராமல் படத்தை நம்பி வாங்குகிறவர், படத்தில் கண்ட கரையும் கைக்கு வந்த கரையும் வேறுபட்டால் சேலையைத் திருப்பி அனுப்புவார். சங்கத்தின்மீது வைத்த நம்பிக்கையையும் இழப்பார். ஆதலால், காமிரா வாங்க முற்படும் நிர்வாகக் குழுவினர் இரண்டு எண்களின் பொருளை அறிதல் நலம். ஒன்று லென்ஸின் குவியத் தூரம். மற்றது பிம்பம் விழும் சென்ஸார் தகட்டின் அளவு. ஒன்றை விட்டு மற்றதைத் தனியே படித்தால் பயனில்லை.

குவியத் தூரம்

பூதக்கண்ணாடியை வெயிலில் பிடித்து, காகிதத்தின்மீது ஒளியைக் குவிப்பது சிறுவர்கள் அறிந்த விளையாட்டு. ஒளிப்புள்ளி மிகச் சிறிதாகும் நிலையில் கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையிலுள்ள தூரமே குவியத் தூரம். காமிரா லென்ஸின்மீது இது மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். இத்தூரம் மிகுந்தால் பொருள் பெரிதாக விழும். காட்சியின் பரப்பு குறையும். தூரம் குறைந்தால் காட்சி விரியும், பொருள் சிறுக்கும்.

சென்ஸாரின் அளவு

லென்ஸ் தன் பின்னே வட்டமான பிம்பத்தை விழச் செய்கிறது. அதில் எவ்வளவு பகுதி படமாகும் என்பதைச் சென்ஸாரின் அளவே தீர்மானிக்கிறது. ஜெர்மனியில் வெட்ஸ்லர் நகரத்து லைட்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கார் பார்னாக் என்பார், சினிமாப் பிலிமில் 36க்கு 24 மி.மீ. அளவுள்ள படம் எடுக்கும் சிறு காமிராவை உருவாக்கினார். அது 1925இல் லைகா என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தது. அப்பட அளவே இன்றும் ஒப்பிடுதற்குரிய அளவுகோல். அதனைப் புல் பிரேம் என்பர்.

அதற்கு அடுத்த ஏ.பி.எஸ்.-ஸி வகை ஏறக்குறைய 23.5க்கு 15.6 மி.மீ. 'ஓர் அங்குல' வகையோ 13.2க்கு 8.8 மி.மீ.தான். பழைய டெலிவிஷன் காமிராக் குழாயின் வெளி விட்டத்தை ஒட்டி வந்த பெயர் அது. முழம் போட்டுத் துணி வாங்கும் நாம், பெயரிலுள்ள அங்குலத்தை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேட்டல் வேண்டும்.

எளிய கணக்கு

படத்தில் அடங்க வேண்டிய துணியின் அகலத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கிச் சென்ஸாரின் அகலத்தால் வகுத்தால், காமிராவை எவ்வளவு தொலைவில் வைக்க வேண்டும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 2 மீட்டர் அகலத்துக்கு விரித்த சேலையை 50 மி.மீ. லென்ஸால் எடுப்பதாகக் கொள்வோம். புல் பிரேம் காமிராவுக்கு 2.8 மீட்டர் தொலைவு போதும், ஏ.பி.எஸ்.-ஸி காமிராவுக்கு 4.3 மீட்டர் வேண்டும். லென்ஸ் மாறவில்லை, சென்ஸார் சிறுத்ததால் காட்சி குறுகியது. அறையில் அவ்வளவு இடமில்லையேல், அதே காமிராவில் 35 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் 3 மீட்டரில் காரியம் முடியும்.

ஏ.பி.எஸ்.-ஸி காமிராவின் லென்ஸ் எண்ணை 1.5ஆல் பெருக்கினால், புல் பிரேமில் அதற்கு ஒத்த எண் கிடைக்கும். கைப்பேசி விளம்பரத்தில் காணும் '24 மி.மீ.' இத்தகைய ஒப்பு எண்ணே. அதன் உண்மையான குவியத் தூரம் சில மில்லிமீட்டரே.

கரையின் அகலம் ஏன் மாறுகிறது?

விரிந்த காட்சி தரும் லென்ஸுடன் துணியை நெருங்கி, காமிராவைச் சாய்த்து எடுத்தால், அருகிலுள்ள கரை பருத்தும் எதிர்க்கரை மெலிந்தும் விழும். குற்றம் லென்ஸினுடையதன்று, நெருக்கத்தினுடையது. சற்று விலகி, காமிராவைத் துணிக்கு நேராக நிறுத்துவதே மாற்று. கைப்பேசியிலும் இது பொருந்தும்.

பெரிய சென்ஸார் அதிக ஒளியைப் பெறுவதால், மங்கிய வெளிச்சத்திலும் படம் தெளிவாக அமையும். ஆயினும், துணி அசைவதில்லை. காமிராவை முக்காலியில் நிறுத்தி, சன்னல் வெளிச்சத்தில் அதிக நேரம் ஒளி விழச் செய்தால் சிறிய சென்ஸாரும் சரிகையை நன்றாகக் காட்டும். விவசாய அங்கத்தினர் பருத்தி, மிளகாய் மாதிரிகளைப் படமெடுக்கவும் இம்முறையே போதும்.

எனவே, தீர்மானம் எழுதுமுன் அறையின் நீளத்தை அளந்து, மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பார்ப்பீர்களாக. விலையுயர்ந்த காமிராவைவிடப் பொருத்தமான லென்ஸே அங்கத்தினர் பணத்துக்கு ஏற்ற பயன் தரும்.