சீத்தம்மா கதை படித்த இரவு

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பெண்களுக்குத் தினம் பார்த்துப் பழகிய சாராயக் கடை வேறாகத் தெரிந்தது.

நகரியிலிருந்து புத்தூர், காளஹஸ்தி தாண்டி வடக்கே போனால் நெல்லூர் மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்குள்ள கிராமங்களில் சாராயக் கடை என்பது ஊர்க் கிணறு மாதிரி. எப்போதும் இருப்பது, யாரும் கேள்வி கேட்காதது. கிணறாவது கோடையில் வற்றும். அரசே பாக்கெட்டில் அடைத்து 'வாருணி வாகினி' என்று பெயரிட்டு அனுப்பிய சாராயத்துக்குத் தட்டுப்பாடே வந்ததில்லை. கணவனின் கூலி கடைக்குப் போவதையும் இரவில் விழும் அடியையும் தலையெழுத்து என்றே பெண்கள் பொறுத்துக்கொண்டிருந்தார்கள்.

தலையெழுத்தை அசைத்தது அறிவொளி வகுப்பு. 1991இல் அந்த மாவட்டத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. வயல் வேலை முடித்த பெண்கள் இரவு வகுப்புகளில் கூடினார்கள். அவர்களது பாடநூலில் சீத்தம்மா என்பவளின் கதை இருந்தது. ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாராயக் கடையை மூடவைப்பவள் அவள். கதையைப் படித்து முடித்த தூபகுண்டா கிராமத்துப் பெண்கள், நம் ஊரில் மட்டும் ஏன் முடியாது என்று யோசித்தார்கள். ரோசம்மா முன்னால் நிற்க, கடை மூடப்பட்டது.

இதற்கிடையில் கடை மாறவில்லை, கணவன்மாரும் மாறவில்லை. தன் வீட்டுக்கு மட்டுமே நேர்ந்த அவமானம் என்று ஒவ்வொருத்தியும் மூடி மறைத்தது, வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவளின் வீட்டிலும் நடக்கிறது என்று தெரியவந்தது. அந்தக் கணத்தில் வீட்டுத் துக்கம் ஊர் வழக்காயிற்று. அகரவரிசையைவிட, அதைக் கற்க ஒன்றாக உட்கார்ந்ததே பெரிய பாடம்.

எல்லைக்கு இந்தப் பக்கம் புதுக்கோட்டையிலும் அதே ஆண்டுகளில் இதற்கு ஒப்பான ஒன்று நடந்தது. அறிவொளி இயக்கத்தின் ஊக்கத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடத்துக்கும் சந்தைக்கும் இடையிலிருந்த தூரம் சுருங்கியது. பஸ்ஸுக்கும், கொண்டுவிட வரும் ஆணுக்கும் காத்து நிற்பது இயல்பு என்ற எண்ணமும் கூடவே சுருங்கியது.

நெல்லூர்ப் பெண்கள் 1992இல் சாராய ஏலத்தையே நடக்கவிடாமல் மறித்தார்கள். போராட்டம் சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. தேர்தலில் வென்று வந்த என்.டி.ராமராவ் 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கையே கொண்டுவந்தார். ஆனால் கஜானாவின் தாகம் பெரிது. 1997இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 2024 அக்டோபரில் மதுக்கடைகள் மறுபடி தனியார் கைக்கே போயின.

அப்படியானால் பெண்கள் தோற்றுவிட்டார்களா? கடைக்குப் போகாமல் மிஞ்சிய காசில் நெல்லூர்ப் பெண்கள் தினம் ஒரு ரூபாய் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்குப் 'பொதுபு லட்சுமி' என்று பெயர். சேமிப்பு லட்சுமி என்று பொருள். மதுவிலக்குச் சட்டம் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பின்னாளில் நகரி உட்பட மாநிலமெங்கும் வேரூன்றிய மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு முன்னோடிகளில் ஒன்று அந்த ஒற்றை ரூபாய். கூலிக் காசு யாருடையது என்ற கேள்வியை அவர்கள் திரும்ப ஒப்படைக்கவே இல்லை.