இளவேனிலைத் தேடி

நுழையும்முன்

பிறர் எழுதிய நூல்களை மதிப்பிடுவதிலேயே தம் இளமையைச் செலவிட்ட எழுத்தாளர் ஒருவர், தம் உரைநடையில் மறைந்திருந்த கவிதையை ஒரு நண்பரின் வாயிலாக அறிந்துகொண்டார். நூலும் பருவமும் பயணமும் நட்பும் ஒருங்கிணைந்து அவரைக் கவிஞராக்கிய வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

நூல்களின் நடுவே

எட்வர்டு தாமஸ் 1878ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். மகன் அரசுப்பணியில் அமரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனோ எழுத்தையே தொழிலாகத் தேர்ந்துகொண்டார். மனைவியும் மூன்று குழந்தைகளும் அடங்கிய குடும்பத்தை எழுத்தின் ஊதியம் ஒன்றே காக்க வேண்டியிருந்தது. அதனால் நாளிதழ்களுக்கு ஓயாமல் மதிப்புரை எழுதினார். பதிப்பகத்தார் கேட்ட பொருள்களில் எல்லாம் நூல்கள் இயற்றினார். நூல்களை நேசித்தவருக்கு நூல்களே சுமையாயின. அவரை அடிக்கடி பற்றிக்கொண்ட மனச்சோர்வுக்கு மருந்தாக அமைந்தது நடைப்பயணமே. ஊர்ப்புறத்து வழிகளில் நடந்து, கண்டவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைப்பது அவருடைய வழக்கம்.

பருவத்தைத் தேடிய பயணம்

இங்கிலாந்தின் குளிர்காலம் நீண்டது, பகல்பொழுது குறுகியது. மார்ச் மாதம் பிறந்த பின்னும் குளிர்காற்று எளிதில் விலகுவதில்லை. தென்மேற்குப் பகுதி கடற்காற்றால் சற்றே மிதமான தட்பவெப்பம் உடையது. ஆதலால் அங்கே மலர்கள் முந்தி மலரும். வரும் இளவேனிலைக் காத்திராமல் எதிர்கொண்டு அழைக்க விரும்பினார் தாமஸ். 1913ஆம் ஆண்டு மார்ச் 21, புனித வெள்ளியன்று இலண்டனிலிருந்து மிதிவண்டியில் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். கில்ட்ஃபோர்டு, சாலிஸ்பரிச் சமவெளி, பிரிட்ஜ்வாட்டர் வழியாகச் சென்று குவாண்டாக் குன்றுகளை அடைந்தார். ‘இளவேனிலைத் தேடி’ எனப் பொருள்படும் தலைப்பில் இப்பயணம் 1914இல் நூலாயிற்று.

இந்நூலில் வழியும் வாசிப்பும் பிரிக்க முடியாதவை. வெசெக்ஸ் எனப்படும் பகுதியைக் கடக்கும்போது, அம்மண்ணுக்குரிய ஸ்டீபன் டக், வில்லியம் பார்ன்ஸ், தாமஸ் ஹார்டி ஆகிய மூன்று கவிஞர்களைப் பற்றித் தனி இயலே எழுதுகிறார். பயணத்தின் முடிவில், குன்றின் வழியில் யாரோ பறித்துப் போட்டுச் சென்ற காட்டுமலர்களைக் காண்கிறார். அவ்விடமே குளிர்காலத்தின் கல்லறை என்று அவர் மனம் தெளிகிறது. பெரிய அரண்மனையோ கோபுரமோ அன்று, வாடும் ஒரு பிடி மலரே அவருடைய பயணத்தின் பயனாக அமைந்தது.

நண்பர் காட்டிய வழி

1913 அக்டோபரில் அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் ஃபிராஸ்டைத் தாமஸ் சந்தித்தார். தம் நாட்டில் போதிய வரவேற்புப் பெறாத ஃபிராஸ்ட் அப்போது இங்கிலாந்தில் குடியேறியிருந்தார். மூடிய கதவுக்கு அப்பால் இருவர் பேசினால் சொற்கள் விளங்கமாட்டா. ஆயினும் கோபமா, கனிவா, ஐயமா என்பதைக் குரலின் ஏற்ற இறக்கமே உணர்த்திவிடும். பேச்சின் அவ்வோசையே கவிதைக்கு உயிர் என்பது ஃபிராஸ்டின் கொள்கை. அவருடைய கவிதைநூலின் அருமையை உணர்ந்து தாமஸ் மதிப்புரைகள் எழுதினார்.

1914ஆம் ஆண்டுக் கோடையில் டைமாக் என்னும் சிற்றூரின் வயல்வெளிகளில் இருவரும் நெடுந்தொலைவு நடந்தனர். தாமஸின் பயணநூலில் சில பகுதிகளைச் சுட்டிக்காட்டிய ஃபிராஸ்ட், அவற்றையே அதே ஓசையோடு கவிதையடிகளாக எழுதுமாறு வற்புறுத்தினார். இல்லாத ஒன்றை அவர் கொடுக்கவில்லை, இருப்பதைக் காட்டினார்.

அவ்வாண்டு நவம்பரில் ஓர் ஊர்ப்புற விடுதியைப் பற்றி உரைநடையில் எழுதியதைத் தாமஸ் டிசம்பரில் கவிதையாக்கினார். அதுமுதல் இரண்டே ஆண்டுகளில் 140க்கும் மேற்பட்ட கவிதைகள் பிறந்தன. அவற்றுள் ஒன்று ‘ஆடில்ஸ்ட்ராப்’. 1914 ஜூன் 24 அன்று ஃபிராஸ்டைக் காணச் சென்றபோது, அப்பெயருடைய சிறு நிலையத்தில் தொடர்வண்டி நின்றது. ஏறுவாரும் இல்லை, இறங்குவாரும் இல்லை. பறவையின் பாடல் மட்டும் கேட்டது. குறிப்பேட்டில் பதிந்த அந்தச் சில நிமிடங்களே பின்னர்க் கவிதையாயின. சில வாரங்களில் முதல் உலகப்போர் மூண்டது. அந்த அமைதி இனித் திரும்பாது என்பதை அறிந்தே இன்று நாம் அக்கவிதையைப் படிக்கிறோம்.

இரு வழிகள்

எவ்வழியில் சென்றாலும், மற்றொரு வழியில் சென்றிருக்கலாமே என்று வருந்துவது தாமஸின் இயல்பு. அதனை மெல்ல நகையாடியே ‘செல்லாத பாதை’ எனப் பொருள்படும் புகழ்பெற்ற கவிதையை ஃபிராஸ்ட் எழுதினார். தாமஸுக்கோ அது வெறும் நகைச்சுவையாகத் தோன்றவில்லை. 1915இல் ஃபிராஸ்ட் அமெரிக்கா திரும்பினார். நண்பரையும் அங்கே அழைத்தார். கடல்கடந்து நண்பரிடம் செல்வதா, போருக்குச் செல்வதா என்று பல மாதங்கள் தயங்கிய தாமஸ், அவ்வாண்டு ஜூலையில் தம் 37ஆம் வயதில் தாமாகவே படையில் சேர்ந்தார். எதற்காகப் போரிடுகிறீர் என்று தோழி எலினார் ஃபார்ஜன் வினவியபோது, குனிந்து சிறிது மண்ணைக் கையில் எடுத்துக் காட்டினாராம். அது அவர் நடந்து நடந்து அறிந்த மண்.

1917 ஏப்ரல் 9, ஈஸ்டர் திங்களன்று, பிரான்சு நாட்டின் அராஸ் போர்க்களத்தில் தாமஸ் உயிர்நீத்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அதே ஈஸ்டர் பருவத்தில்தான் அவர் இளவேனிலைத் தேடிப் புறப்பட்டிருந்தார். அவருடைய கவிதைத்தொகுப்பு அவர் மறைந்த பின் அதே ஆண்டில் வெளிவந்தது. அது ஃபிராஸ்டுக்குக் காணிக்கையாக்கப்பட்டிருந்தது. தமக்கு வாய்த்த ஒரே உடன்பிறப்பு என்று ஃபிராஸ்ட் அவரைக் குறிப்பிட்டார்.

நூல்கள் தாமஸுக்குச் சொல்லைத் தந்தன. பருவங்கள் பொருளைத் தந்தன. பயணம் பார்வையைத் தந்தது. இவை மூன்றும் பல்லாண்டுகளாக அவரிடம் இருந்தவையே. அவற்றைக் கவிதை என்று அடையாளம் காட்ட ஒரு நண்பர் தேவைப்பட்டார். ஒருவருடைய ஆற்றலை அவருக்கே அறிமுகம் செய்து வைப்பதே நட்பின் தலையாய பணி என்பதை இவ்விருவரின் வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.