எச்.ஐ.வி. கூட்டுமருந்துச் சிகிச்சை: முன்னெச்சரிக்கையின் சமூகப் பரிமாணம்

தமிழ்ச் சங்கமொன்றின் ஆய்வேட்டில் மருந்துபற்றி எழுதுவது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆயின், எச்.ஐ.வி. கூட்டுமருந்தைத் தொடங்குமுன் மேற்கொள்ளப்படும் முன்னெச்சரிக்கைகளை உற்றுநோக்கின், அவற்றுட் பல கேள்விகளும் விடைகளுமாகவே அமைந்திருக்கக் காணலாம். கேட்பவர் யார், விடையளிப்பவர் யார், எத்தகைய அதிகார உறவில் அவ்வுரையாடல் நிகழ்கின்றது என்பன மருத்துவத்துக்குப் புறம்பான விடயங்களல்ல. முன்னெச்சரிக்கை அறிவியலாக இருக்கும் அதேவேளை அதிகாரமாகவும் தொழிற்படுகின்றது என்பதையே நாம் இங்கு எடுத்துக்காட்ட விரும்புகின்றோம்.

1987 ஆம் ஆண்டில் சிடோவுடின் என்னும் மருந்து தனியே வழங்கப்படத் தொடங்கியபோது, வைரஸ் விரைவிலேயே அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. தன்னைத்தானே பிரதிசெய்யும்போது ஓயாது பிழைவிடும் வைரஸ் இது. அப்பிழைகளுள் ஏதேனுமொன்று மருந்துக்குத் தப்பிவிடுகின்றது. 1996 அளவில் மூன்று மருந்துகளை ஒருசேர வழங்கும் முறை நிலைபெற்றது. மூன்றுக்கும் ஒரே வேளையில் தப்பும் பிழை நேர்வது அரிது. இன்று அம்மூன்றும் பெரும்பாலும் ஒரே குளிசையில் அடங்கிவிடுகின்றன. வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய மருந்தாகையால், தொடக்கத்திற் கவனிக்கத் தவறியது நெடுங்காலம் தொடர்ந்து வரும்.

கவனிக்க வேண்டியவை யாவை? ரெனோபோவிர் மருந்தின் ஒரு வடிவம் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடுமாதலின், குருதியில் அதன் செயற்றிறன் அளக்கப்படுகின்றது. ஈரல் அழற்சி பி உளதா என அறிதல் அதனினும் முக்கியமானது. ரெனோபோவிரும் லமிவுடினும் அவ்வைரஸையும் அடக்குவன. ஒருவருக்கு அது இருப்பதை அறியாது பின்னர் இம்மருந்துகளை நிறுத்தினால், அடங்கியிருந்த ஈரல் நோய் கடுமையாக மீளலாம். இருமல், காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகிய நான்கும் விசாரிக்கப்படுவது காசநோயின் பொருட்டு. காசநோய்க்குரிய றிபாம்பிசின், டொலுரெக்ராவிர் மருந்தின் அளவைக் குருதியிற் குறைத்துவிடும். எனவே அதனை நாளுக்கு இருமுறை கொடுத்தல் வேண்டும். மூளையுறையில் காசநோயோ கிறிப்ரோகொக்கசுப் பூஞ்சையோ தொற்றியிருப்பின் கூட்டுமருந்தைச் சில வாரங்கள் பிற்போடுதல் அவசியம். திடீரென மீண்டெழும் நோயெதிர்ப்பு, மண்டையோட்டினுள் வீக்கத்தை விளைவித்து உயிரைப் போக்கிவிடக்கூடும். நீரிழிவுக்கு மெற்போமின் உட்கொள்வோருக்கு அதன் அளவு மட்டுப்படுத்தப்படும். வயிற்றெரிவுக்கான மருந்துகள், இரும்புச்சத்து, கல்சியக் குளிசைகள் ஆகியவற்றை உண்ணும் நேரமும் கேட்டறியப்பட வேண்டியதே.

அபாகாவிர் என்னும் மருந்தின் கதை தனித்து நோக்கத்தக்கது. அதனை உட்கொண்டோருள் 5 முதல் 8 சதவீதமானோருக்குக் காய்ச்சலும் தோற்றடிப்பும் வாந்தியும் ஏற்பட்டன. நிறுத்தியபின் மீண்டும் தொடங்கியோருட் சிலர் இறந்தனர். 2002 இல், அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர ஆய்வாளர்கள் உட்பட இரு குழுவினர், இவ்விளைவு ஒரு குறிப்பிட்ட மரபணு வகையோடு தொடர்புடையதெனக் காட்டினர். 19 நாடுகளில் நிகழ்ந்து 2008 இல் வெளியான ஆய்வு, முற்கூட்டிய மரபணுப் பரிசோதனை அவ்வாபத்தை ஏறத்தாழ முற்றாகவே நீக்கிவிடும் என்பதை நிறுவியது. அவ்வாய்வுக்கு நிதியளித்தது அம்மருந்தை விற்ற நிறுவனமே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இலாபத்தின் நலனும் நோயாளியின் நலனும் சிற்சில தருணங்களில் ஒரே திசையிற் செல்வதுண்டு.

பரிசோதனைச் சாலை விடைதரும் கேள்விகள் இவை. வேறு சில கேள்விகளுக்கு நோயாளி வாய் திறந்தாலன்றி விடையில்லை. நாட்டுவைத்தியரிடம் பெற்ற சூரணம், பகிரங்கமாகச் சொல்லக் கூசும் காசநோய், குடிப்பழக்கம், கர்ப்பம் முதலியன அத்தகையவை. மேனாட்டு வைத்தியர் தம்மை எள்ளுவாரென அஞ்சுபவர் உண்ணும் சூரணத்தை மறைப்பார். தமிழ்ப் பத்திரிகைகள் இந்நோய்க்கு நெடுங்காலமாக இட்டு வழங்கிய 'ஆட்கொல்லி' என்னும் அடைமொழியை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். கொல்வது நோய் எனச் சொல்லின் இலக்கணம் கூறினும், வழக்கிலே அது நோயாளியின்மேற் படிந்துவிட்டது. அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம், மருத்துவமனை மேசையின் எதிரே அமர்த்தி, நேர்மையான விடையை எதிர்பார்ப்பது எங்ஙனம்? மொழிபற்றி எழுதுவோர் இவ்வகையிற் பொறுப்பிலிருந்து விலகிவிட முடியாது.

இனி, மறுபக்கத்தை நோக்குவோம். 2000 ஆம் ஆண்டளவில் இம்மருந்தின் ஆண்டு விலை ஒருவருக்குப் பத்தாயிரம் டொலருக்கும் மேற்பட்டிருந்தது. 2001 இல் இந்தியாவின் சிப்ளா நிறுவனம் அதனை 350 டொலருக்குத் தர முன்வந்தது. விலை என்னும் வாதம் தளர்ந்ததும் 'பாதுகாப்பு' என்னும் வாதம் முன்னே வந்தது. பரிசோதனைச் சாலைகள் இல்லை, எதிர்ப்புத்திறன் பரவிவிடும் என்றனர். அமெரிக்க அரசின் அபிவிருத்தி உதவி முகவர் நிறுவனத்தின் தலைவராயிருந்த அன்ட்ரூ நற்சியோஸ், ஆபிரிக்கர் பலர் கடிகாரமே கண்டறியாதவர், ஆதலின் வேளைதவறாது மருந்துண்ணமாட்டார் என்னும் கருத்தை 2001 இல் வெளியிட்டார். 2006 இல் வெளியான ஆய்வுத் தொகுப்பொன்றின்படி, மருந்தை ஒழுங்காக உட்கொண்டோர் சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் 77 சதவீதம். வட அமெரிக்காவில் 55 சதவீதம். உகண்டாவிலும் சிம்பாப்வேயிலும் மூவாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2010 இல் வெளியான ஆய்வு, ஒழுங்கான குருதிப் பரிசோதனையின் துணையோடு கண்காணிக்கப்பட்டோரில் 90 சதவீதத்தினரும், அத்துணையின்றி நோய்க்குறிகளைக்கொண்டே கண்காணிக்கப்பட்டோரில் 87 சதவீதத்தினரும் ஐந்தாண்டுகளின் பின் உயிர்வாழ்ந்தனர் எனக் காட்டிற்று. பரிசோதனை பயனற்றது என்பதன்று இதன் பொருள். மூன்று சதவீதமும் மனித உயிர்களே. (இத்தகைய ஆய்வை இலண்டனில் நடத்த எவரேனும் முன்வந்திருப்பரா என்பது வேறு வினா.) ஆயின் பரிசோதனையில்லை எனக் கூறி மருந்தையே மறுத்திருப்பின் எத்தனை பேர் எஞ்சியிருப்பர்? உலக சுகாதார நிறுவனம் 2017 இலிருந்து, நோய் உறுதிப்பட்டு ஏழு நாள்களுள், ஆயத்தமானோருக்கு அன்றைக்கே, சிகிச்சையைத் தொடங்குமாறு கூறிவருகின்றது. மூளையுறை நோயின் குறிகள் காணப்படுமிடத்தே தாமதம் தேவைப்படுகின்றது.

இம்முரண்பாடு மிகக் கூர்மையாக வெளிப்பட்டது பொட்ஸ்வானாவிலேயே. அங்கு 2014 முதல் அரசாங்க மருத்துவமனைகளிற் பிறப்புகளைப் பதிவுசெய்துவந்த ஆய்வொன்று, கருத்தரிக்கும்போதே டொலுரெக்ராவிர் உட்கொண்டிருந்த தாய்மாரின் 426 குழந்தைகளுள் நால்வருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு இருந்ததை 2018 மே மாதத்தில் அறிவித்தது. ஏனையோரிடையே அது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று. அறிவித்தது தவறன்று, அறிவிக்காதுவிடுதலே தவறாயிருந்திருக்கும். தவறு அதன்பின் நிகழ்ந்தது. பல நாடுகள் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு அம்மருந்தை மறுத்தன. அல்லது கருத்தடை மேற்கொள்வோருக்கே தருவோம் என நிபந்தனையிட்டன. ஆண்களுக்குப் புதிய மருந்து. பெண்களுக்குத் தலைச்சுற்றும் கெட்ட கனவுகளும் தரும் பழைய எபாவிரென்ஸ். அந்த எபாவிரென்ஸும் குரங்குகளில் நடந்த ஆய்வொன்றின் காரணமாக முன்னொரு காலத்தில் இதே ஐயத்துக்கு ஆளாகி, பின்னர் விடுவிக்கப்பட்டதே. கருக்குழந்தையின் நரம்புக்குழாய்க் குறைபாட்டைக் குறைக்க வல்ல போலிக் அமிலத்தைத் தானிய மாவிற் கட்டாயமாகச் சேர்க்கும் ஏற்பாடு பொட்ஸ்வானாவில் இருக்கவில்லை. ஏழைகளின் மாவைப்பற்றி எழுந்த வினாவினும் பெண்களின் கருப்பையைப்பற்றி எழுந்த வினாவே உரத்து ஒலித்தது.

2018 யூலையில் ருவாண்டாவின் கிகாலி நகரில் 18 நாடுகளைச் சேர்ந்த, எச்.ஐ.வி.யுடன் வாழும் 39 பெண்கள் கூடினர். தகவல்களைத் தமக்கு விளக்குக, தெரிவைத் தம்மிடமே விடுக, ஒட்டுமொத்தமாகப் பெண்களை விலக்குதல் ஏற்கத்தக்கதன்று என்பன அவர்களின் கோரிக்கைகள். ஓராண்டின் பின், 1683 குழந்தைகளை நோக்கியபோது குறைபாட்டின் அளவு 0.94 சதவீதத்திலிருந்து 0.30 சதவீதமாக இறங்கியிருந்தது. அதே 2019 யூலையில் உலக சுகாதார நிறுவனம் இம்மருந்தைப் பெண்கள் உட்பட அனைவருக்கும் பரிந்துரைத்தது. 2022 இல் அவ்வளவு ஏறத்தாழ 0.11 சதவீதம், ஏனைய மருந்துகளை உட்கொண்ட தாய்மாரிடையே காணப்பட்டதினின்றும் அதற்கு வேறுபாடு இருக்கவில்லை.