குதிரைப் போர்வைக்கு ஒரு சலவைப் பாடம்

வேகமாக ஓடிவந்து நிற்கும் குதிரையின் கழுத்தைப் பாருங்கள். கடிவாள வார் உராயும் இடத்தில் வெள்ளை நுரை திரண்டிருக்கும். சோப்பே படாத உடம்பில் நுரை எப்படி வந்தது? குதிரையின் வியர்வையில் லாதரின் என்ற புரதம் இருக்கிறது. அது நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, எண்ணெய்ப் பசையுள்ள ரோமத்தையும் நனைய வைக்கிறது. வியர்வை ரோமத்தின் நுனிவரை பரவி ஆவியாவதால் உடம்பு குளிர்கிறது. இந்தப் புரதத்தின் அமைப்பை கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டார்கள்.

குதிரையைக் காக்கும் இந்த வியர்வை, அதன் துணிகளில் உப்பாகவும் பிசுக்காகவும் படிகிறது. பிரிட்டனில் குளிர்காலத்திலும் சவாரிக்குப் போகும் குதிரைகளுக்கு ரோமத்தைக் கத்தரித்துப் போர்வை போர்த்துவார்கள். வசந்தம் வந்ததும் அந்தப் போர்வைகளை வீட்டிலேயே துவைப்பவர்கள் பலர்.

முதல் வேலைக்குத் தண்ணீரே வேண்டாம். சேற்றை நன்றாகக் காயவிட்டு, முரட்டு பிரஷ்ஷால் உதிர்க்க வேண்டும். ஈரச் சேற்றைத் தேய்த்தால் மண் நெசவுக்குள் இறங்கிவிடும். ரோமத்தையும் அப்போதே நீக்கிவிட வேண்டும்; இல்லையென்றால் வாஷிங் மெஷினின் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அடுத்து, பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். வெந்நீர் பட்டால் வெள்ளைக்கரு கெட்டிப்படுவதுபோலப் புரதக் கறைகளும் இறுகி, இழையைப் பிடித்துக்கொள்ளும். கனமான போர்வை நனைந்தால் வீட்டு மெஷின் தாங்காது. முற்றத்தில் விரித்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதே நல்லது.

நுரை அதிகமானால் நஷ்டம்

மழையில் போர்த்தும் போர்வையின் மேல்துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அதன் வெளிப்புறத்தில் நீரை ஒட்டவிடாத மெல்லிய பூச்சும், உட்புறத்தில் பாலியூரித்தேன் படலமும் இருக்கும். அந்தப் படலம் மழைநீரை உள்ளே விடாது. குதிரையின் உடம்பிலிருந்து எழும் நீராவியை மட்டும் வெளியே விடும்.

சலவைத்தூளின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பிடிக்கும். அழுக்கு போவது இதனால்தான். ஆனால் சரியாக அலசாமல் அது துணியில் தங்கிவிட்டால், அடுத்த மழையில் நீரை நெசவுக்குள் இழுக்கும். மேல்துணி ஊறிப்போனால் நீராவி வெளியேறுவது தடைபடும். போர்வைக்கு உள்பக்கமே ஈரம் கோத்துக்கொள்ளும். துணியை மென்மையாக்கும் திரவங்களாலும் இதே கெடுதல் உண்டு. அதனால் மழைத்துணிகளுக்கென்றே உள்ள மென்சோப்பைக் கொஞ்சமாகப் போட்டு, 30 டிகிரிக்கு மேல் போகாத நீரில் துவைத்து, நுரை முற்றிலும் நிற்கும்வரை அலச வேண்டும்.

காய்ந்ததும் ஒரு கை தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டோடினால் பூச்சு நலமாக இருக்கிறது. துணி கருத்து நனைந்தால் நீர்த்தடுப்புத் திரவத்தைப் புதிதாகப் பூச வேண்டும்.

சேணத்துக்கு அடியில் விரிக்கும் துணி கம்பளியானால் இன்னும் கவனம் தேவை. கம்பளி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. புரதக் கறையை அரிக்கும் நொதி கலந்த சலவைத்தூள் கம்பளியையும் அரிக்கும். சூடும் உலுக்கலும் சேர்ந்தால் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்து, துணி சுருங்கிவிடும்.

படர்தாமரை வந்த குதிரையின் துணியை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. பூஞ்சை வித்துகள் துணியில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்; மனிதருக்கும் தொற்றும். கிருமிநாசினியில் ஊறவைத்து, தனியாகத் துவைக்க வேண்டும்.

இரவும் பகலும் தோலோடு ஒட்டிக் கிடக்கும் துணி குதிரைப் போர்வை. அரிப்பெடுத்தாலும் குதிரையால் அதைக் கழற்றிப் போட முடியாது. அதனால் சோப்பைக் குறைத்து, அலசலைக் கூட்டி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்திய பிறகே மடித்து வையுங்கள்.