இது ஆர்ர கதை?

இலங்கையின் கிழக்குக் கரையில், பெரியநீலாவணையில் பஸ் ஏறித் தெற்கே வாருங்கள். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஓர் ஊர் முடிந்து மற்றது தொடங்குவது வெளியூராருக்குத் தெரியாது. அதே கடைத்தெரு, அதே தென்னை, அதே தமிழ். எங்களுக்குத் தெரியும். எந்த ஒழுங்கையோடு ‘நாங்கள்’ முடிகிறோம் என்பதை இங்கே ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

நான் மருதமுனையில் தறி நெய்த குடும்பத்தில் பிறந்தவன். சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்தேன். எங்கள் கரையில் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். 38 வருடம் இந்தத் தெருவில் இருந்தாயிற்று. இரண்டு தலைமுறைக்குத் தமிழ் படிப்பித்தும் ஆயிற்று. இன்றைக்கும் நான் ‘மருதமுனை மாப்பிள்ளை’தான். சைக்கிளில் அரை மணி நேரத் தூரம்!

எழுத்தாளர்களின் பெயரிலேயே இது இருக்கிறது. மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி, மருதூர் ஏ. மஜீத், ஓட்டமாவடி அறபாத். ஊர் முன்னால் நடக்கும், ஆள் பின்னால் வருவார். நீலாவணன் தன் ஊர்ப் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். ஊருக்குள் வந்தால் இன்னொரு அடுக்கு, குடி. தமிழ்நாட்டு வாசகர் சிரிக்க வேண்டாம், இது தாய்வழி வரும் வம்சப் பெயர். தமிழருக்கும் உண்டு, முஸ்லிம்களுக்கும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு மரைக்கார்மாரைக் குடிக்கு ஒருவராகத் தெரிந்தெடுத்த காலம் வெகுதூரத்தில் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவன் சிறுகதை எழுதினால் என்ன நடக்கும்? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

1988இல் கொழும்புப் பத்திரிகை ஒன்றில் என் கதை வந்தது. மகளின் சீதன வீட்டுக்குக் கூரை போட, இருந்த இரண்டு தறியையும் விற்கிறான் ஒரு நெசவாளி. கல்யாணம் முடிந்ததும் அவனும் மனைவியும் பின்வளவுக் குடிசைக்குப் போகிறார்கள். இரவில் தூக்கத்தில் அவன் கால் தானாக மிதிகட்டையை மிதிக்கிறது. கதை அவ்வளவுதான். அந்தக் காலை எழுதத்தான் நான் உட்கார்ந்தேன். சீதனத்தைப் பற்றி எழுத அல்ல.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடும்போது ஒரு பெரியவர் கையைப் பிடித்தார். “ஏன் தம்பி, நம்மட ஆக்களக் கொண்டுபோய்க் கொழும்புப் பேப்பரில போட்டிருக்கீங்க?” தேநீர்க் கடையில் வேறு கேள்வி: “இது ஆர்ர கதை? எந்தக் குடி ஆள்?” என் நெசவாளியை ஒருவரும் காணவில்லை. சிலர் சமூகத்தைக் கண்டார்கள், சிலர் பக்கத்து வீட்டைக் கண்டார்கள். பாண்டிருப்பிலிருந்து வரும் சக ஆசிரியர் மட்டும், “சேர், இது எங்கட அப்பாட கதைதானே” என்றார். அவர் தமிழர். அவருடைய அப்பா விற்றது தறியை அல்ல, வயலை.

அயர்லாந்துக்காரர் ஃபிராங்க் ஓ’கானர் 1963இல் சிறுகதையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாவலுக்கு ஒரு சமூகம் வேண்டும். சிறுகதைக்கோ ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் ஒற்றை ஆள் போதும் என்பது அவர் வாதத்தின் சாரம். அமிழ்ந்து கிடக்கும் மக்கள் கூட்டங்களிலிருந்தே அந்த ஆள் வருகிறான் என்றும் சொன்னார். கோகோலின் ‘மேலங்கி’ குமாஸ்தாவிலிருந்து தொடங்குகிறார். எங்களுக்கு ஒரு சால்வை இருக்கிறது: எஸ்.எல்.எம். ஹனீபாவின் ‘மக்கத்துச் சால்வை’, தொகுப்பாக 1992இல் வந்தது. அது சிலம்ப அண்ணாவிமாரின் கதை. முஸ்லிம் வாழ்க்கை அதில் நிறைய இருக்கிறது, ஆனால் அந்த அண்ணாவிமார் யாருக்கும் பிரதிநிதி இல்லை.

ஓ’கானர் சொல்லாத ஒன்று உண்டு. அமிழ்ந்து கிடக்கும் கூட்டம், வாய் திறக்கும் முதல் ஆளிடம் தன் முழு வழக்கையும் கொடுத்துவிடும். எங்கள் வழக்கு பழையது. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், முஸ்லிம்களான சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார், ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் மறுத்து எழுதினார். பிறகு 1990 வந்தது: ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலை, அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களின் வெளியேற்றம். அதன் பின் எழுதாமல் இருக்க முடியாது. எழுதினால் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. அந்தக் கதைகளை நான் குறைத்துப் பேசமாட்டேன், நானும் எழுதினேன். ஆனால் என்னுடையவை உட்படப் பலவற்றில் இறந்தவருக்கு இனம் இருந்தது, பல்வலி இருக்கவில்லை. சமூகத்துக்கு அரசியல் குரல் கொடுத்த எம்.எச்.எம். அஷ்ரஃப்கூட 1999இல் தன் கவிதைத் தொகுப்புக்கு ‘நான் எனும் நீ’ என்றுதான் பெயர் வைத்தார். நானும் நீயும் இருக்கிறார்கள், ‘நாங்கள்’ இல்லை.

இந்தச் சிக்கல் எங்கள் பாட்டிமாருக்கு இருக்கவில்லை. சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் கிழக்கின் நாட்டார் கவிகளைத் தொகுத்து ‘பொடுபொடுத்த மழைத்தூத்தல்’ என்று வெளியிட்டிருக்கிறார். அந்தக் கவிகள் ஊர் முழுவதற்கும் சொந்தம். கட்டியவர் பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஒரு கவியில் ஒரே ஒருத்திதான் பேசுகிறாள், ஒரே ஒரு மச்சானிடம். யார் வீட்டுப் பெண் என்று கேட்க வழியே இல்லை. பெயர் போட்டு அச்சிடத் தொடங்கிய நாளில்தான் ‘இது ஆர்ர கதை’ என்ற கேள்வி பிறந்தது என்று நினைக்கிறேன்.

ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து, 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் குண்டு வெடித்தது. அதன் பின் ஊரே ஒரே முகமாகிவிட்டது, வெளியில் இருந்து பார்ப்பவருக்கு. சில மாதம் கழித்து, என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கொப்பியில் ஒரு கதையோடு வந்தாள். வீட்டைச் சோதிக்க இராணுவம் வருகிறது. அலுமாரியைத் திறக்கிறார்கள். வீட்டுக்காரிக்கு உடம்பெல்லாம் நடுக்கம்: கணவனுக்குத் தெரியாமல் சேர்த்த சீட்டுக்காசு சேலை மடிப்பிலிருந்து கீழே விழுந்துவிடுமோ என்று.

வாசித்து முடித்ததும் நான் அவளிடம் கேட்டது இதுதான்: “இப்ப இத வெளியில விடத்தான் வேணுமா மகள்?”

அவள் கொப்பியை வாங்கிக்கொண்டு போனாள். நல்ல கதை. இன்னும் அச்சாகவில்லை.